பத்தாவது கேள்வி

நாற்பத்தேழாவது தாளில் கையெழுத்துப் போடும்போதுதான் அந்த மை என் கண்ணில் பட்டது. முதல் ஒன்பது கேள்விகளுக்கும் பென்சிலில் டிக். பிள்ளை பெற்றவர்கள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அடித்தவை, கட்டத்தைத் தாண்டிக் கோணலாக ஓடியிருந்தன. பத்தாவது கேள்விக்கு மட்டும் நீல ஜெல் பேனா. 'இல்லவே இல்லை' என்ற கடைசிக் கட்டத்துக்குள் அச்சடித்த மாதிரி ஒரு டிக். முந்தைய தாளைப் புரட்டினேன். அதிலும் நீலம். அறுபது தாள்களையும் மேசைமேல் பரப்பினேன். அறுபது பெண்களுக்கும் பத்தாவது கேள்விக்கு ஒரே பேனா, அநேகமாக ஒரே கை. அதில் நாற்பத்தேழு தாள்களின் அடியில் தேதி போட்டு என் கையெழுத்து.

சனிக்கிழமை காலை பத்தரை மணி. திங்கட்கிழமை இன்ஸ்பெக்ஷன். அதற்காகத்தான் பீரோவிலிருந்து இந்தக் கட்டை எடுத்தேன், இல்லாவிட்டால் இன்னும் ஒரு மாதம் உள்ளேயே கிடந்திருக்கும். நல்லவேளை என்று சொல்ல வாய் வரவில்லை. மாணவிகள் இவற்றை என்னிடம் கொடுத்துப் பதினான்கு நாள் ஆகியிருந்தது.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் நான் மனநல செவிலியம் எடுக்கிறேன். பதினாலு வருஷமாகச் சூரமங்கலத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறேன். மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியட் என்னுடையது. தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் நாற்பது பேருக்கு, 'நோயாளி பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டல்' என்று நோட்ஸ் சொல்லுவேன். அவர்கள் எழுதுவார்கள். எழுதுகிறார்களா தூங்குகிறார்களா என்று நான் பார்ப்பதில்லை. எனக்கே பாதி நேரம் நான் சொல்லுவது காதில் விழாது. தேர்வில் ஐந்து மார்க்குக்கு வரும், அதை எழுதினால் பாஸ். மனசைப் பற்றிப் படித்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் பிரசவ வார்டுக்கும் ஐ.சி.யூ.வுக்கும் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்கூட வருவதில்லை இப்போதெல்லாம். அலுப்புதான்.

இந்த வருஷம் பிரசவப் படிப்பையும் மனநலத்தையும் சேர்த்து ஒரு பயிற்சி போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட குழு அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்குப் போய், ஆளுக்கு ஐந்து தாய்மாரிடம் பத்துக் கேள்வித் தாளை நிரப்பி வர வேண்டும். சிரிக்க முடிகிறதா, தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா என்று போகும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. மொத்தம் பதின்மூன்றைத் தாண்டினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பத்தாவது கேள்விக்கு 'இல்லவே இல்லை' தவிர வேறு எதில் டிக் விழுந்தாலும், கூட்டிக்கொண்டெல்லாம் இருக்காமல் அன்றைக்கே சொல்ல வேண்டும். உனக்கு நீயே தீங்கு செய்துகொள்ளத் தோன்றியதா என்பதுதான் பத்தாவது கேள்வி.

குழுவின் தலைவி யுவஸ்ரீயைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஆட்டையாம்பட்டிப் பெண். அப்பாவுக்குத் தறி. வகுப்பில் வாயைத் திறக்கமாட்டாள், ஆனால் நோட்டு சுத்தமாக இருக்கும். வந்தவள் மேசையில் பரப்பிக் கிடந்ததைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது. யார் பேனா என்று கேட்டேன். தன்னுடையதுதான் என்றாள். அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்கவில்லை, ஹாஸ்டலுக்கு வந்து வரிசையாக உட்கார்ந்து தானே டிக் அடித்ததாகச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அறுபது தாளையும் அவள் முகத்தில் விட்டெறிந்திருப்பேன். கொஞ்சமாவது மூளை இருக்கிறதா, நாளைக்கு இஞ்செக்ஷனும் இப்படித்தான் போடாமலே போட்டதாக எழுதுவாயா என்று கத்தினேன். பக்கத்து மேசை அனாட்டமி மேடம் எழுந்து வெளியே போனார்.

யுவஸ்ரீ அழவில்லை. நடந்ததைச் சொன்னாள். முதல் நாள், முதல் கட்டில். ஒன்பது கேள்வி முடிந்து பத்தாவதை வாசித்ததும், அந்தப் பெண்ணின் மாமியார் சாப்பாட்டுத் தூக்கை டங்கென்று கீழே வைத்துவிட்டு எழுந்தாராம். பச்சை உடம்புக்காரியிடம், தொட்டிலில் பிள்ளை கிடக்கும்போது சாவுப் பேச்சா பேசுகிறாய் என்று இவள் கையைப் பிடித்து இழுத்து வார்டு வாசலில் கொண்டுபோய் விட்டாராம். மற்ற கட்டில்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். டியூட்டி நர்சும் வந்து, அந்த ஒன்றை விட்டுவிடு பாப்பா, பிள்ளை பெற்ற இடத்தில் அதெல்லாம் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு பன்னிரண்டு பேரும் கூடிப் பேசி, அந்தக் கேள்வியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார்கள்.

"எங்கிட்ட வந்து சொல்றதுக்கு என்ன?"

அவள் காலண்டரைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்களும் சொல்லித் தரலைங்க மேடம். ஒம்பது கேள்வியும் எப்படிக் கேக்கறதுன்னு நடிச்சுக் காட்டுனீங்க. பத்தாவதுக்கு, இதையும் இப்படியே கேட்டுக்குங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. அதுனால அது கேக்கக் கூடாததுன்னு நெனச்சுட்டோம்ங்க."

மறுத்துப் பேச நினைத்தேன். மணி அடித்துவிட்டது என்று சொல்லலாம். அன்றைக்கு மணி அடிக்கவில்லை, இன்னும் ஏழெட்டு நிமிடம் இருந்தது. அந்த வாக்கியத்தை நாற்பது பெண்களுக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். கூச்சமா, பயமா? ஆமாம் என்று யாராவது சொல்லிவிட்டால் அடுத்த வார்த்தை என்ன என்று எனக்கே தெரியாது. பதினாலு வருஷத்தில் ஒரு நோயாளியிடமாவது நான் அதைக் கேட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை.

யுவஸ்ரீ போகாமல் நின்றாள். பிறகு மேசையிலிருந்து ஒரு தாளை உருவி என் முன்னால் வைத்தாள். அந்த முதல் கட்டில்காரியின் தாள். பிரபா, வயது இருபத்து மூன்று, முதல் பிரசவம், மூன்றாம் நாள், நாமகிரிப்பேட்டை. ஒன்பது பென்சில் டிக்குகளின் மதிப்பெண்ணையும் யுவஸ்ரீ ஓரத்தில் பொடி எழுத்தில் கூட்டி வைத்திருந்தாள். பதினேழு. அடியில் அன்று காலை நான் போட்ட கையெழுத்து. மதிப்பெண் பெட்டி காலியாக இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. ஓரத்து எண்ணை நான் பார்த்து டாக்டரிடம் சொல்லுவேன் என்று அவள் இருந்திருக்கிறாள்.

"அந்தக்கா அழுவலைங்க மேடம். அவங்க மாமியா என்னைய இழுத்துட்டுப் போறப்ப, அவங்க என்னையவே பாத்துட்டு இருந்தாங்க. பதில் சொல்ல வாயத் தொறந்த மாதிரி இருந்துச்சுங்க."

பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னேன். அவர் இன்ஸ்பெக்ஷன் ஃபைல்களுக்கு நடுவில் இருந்தார். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள், நம் வேலை அதோடு முடிந்தது, இன்றைக்கு யாரும் வெளியே போகவேண்டாம் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். டிஸ்சார்ஜ் ஆகிப் பன்னிரண்டு நாள் ஆகிறது, கிராம நர்ஸ் மேடம் லீவில் இருக்கிறார், திங்கட்கிழமை சொல்லுகிறோம் என்றார்கள். திங்கட்கிழமை. என் மண்டைக்குள் பதினேழு என்ற எண்ணே சுற்றிக்கொண்டிருந்தது. அரை நாள் லீவு எழுதி மேசைமேல் வைத்துவிட்டு, தாள் கட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினேன். யுவஸ்ரீ கேட்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்தாள்.

தாளில் இருந்த போன் நம்பர் பிரபாவின் புருஷன் சிவபிரகாஷுடையது. ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்காரர். வடக்கே எங்கேயோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார், மெஷின் சத்தத்தில் நான் சொல்லுவது ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வழக்கமாகப் பார்க்க வருகிறோம் என்று கத்தி வழி கேட்டுக்கொண்டேன். பிரபாவுக்குத் தாயில்லை, அதனால் பிரசவத்துக்குக் கூட இருந்து பார்த்துக்கொள்வதெல்லாம் தன் அம்மாதான் என்றார். கடைசியில், "நல்லாத்தானுங்க இருக்குது? போன்ல பேசறதே இல்லீங்க" என்றார். பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன் என்று வைத்தேன்.

நாமகிரிப்பேட்டையில் இறங்கி முக்கால் மைல் நடந்தோம். குச்சிக்கிழங்குக் காட்டுக்கு நடுவே வண்டித்தடம். வெயில் என்றால் சாதாரண வெயில் இல்லை. வழியெல்லாம் எனக்கு ஒரே வேண்டுதல்தான், அந்த வீட்டு வாசலில் கூட்டம் நிற்கக்கூடாது. வளைவு திரும்பியதும் கூட்டமில்லாத வாசலைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. வேகவைத்த மஞ்சளைக் களத்தில் காயப்போட்டிருந்தார்கள். ஓரமாக உட்கார்ந்து மஞ்சளைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்த பிரபாவின் மாமியார் பெருமாயியம்மாள் யுவஸ்ரீயைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஒடிசலான ஆள். அவர் கண்ணைப் பார்த்தேன். உள்ளே போய், சிவந்து, சுற்றிலும் கறுத்திருந்தது. அந்தக் கண் தூங்கிப் பல நாளாகியிருக்கும்.

"அந்தக் கேள்விக்காரப் புள்ளதான அம்மிணி நீயி?" என்றார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குள் பார்த்தார்.

உள்ளே பிரபா கட்டிலில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நைட்டி, தோளில் துண்டு, காதில் பஞ்சு. பிள்ளை தொட்டிலில் தூங்கியது. யுவஸ்ரீயை அடையாளம் கண்டு லேசாகத் தலையாட்டினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, பால் இருக்கிறதா, சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கறனுங்க" என்ற ஒரே பதில். எனக்குப் பதினாலு வருஷ அனுபவம், எம்.எஸ்ஸி. பட்டம், கையில் தாள். அந்த வாக்கியம் மட்டும் வாய்க்கு வரவில்லை. பெருமாயியம்மாள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். பிள்ளையின் எடை என்ன என்று கேட்டேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

யுவஸ்ரீ கட்டிலுக்குக் கீழே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தாளைப் பார்க்கவில்லை. பிரபாவின் கால்விரல்களுக்குப் பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டு, ஹாஸ்டல் தோழியிடம் பேசுகிற குரலில் கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு நான் பாதியில போயிட்டன். செத்துப் போயிரலாம்னு ஒங்களுக்குத் தோணுதுங்களா?"

நான் வாசற்படியைப் பார்த்தேன், அந்தம்மாள் பாய்ந்து வரப்போகிறார் என்று. அவர் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"தெனைக்கும் தோணுதுங்க" என்றாள் பிரபா.

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு யுவஸ்ரீ முகத்தையே பார்த்தாள், அடுத்து என்ன கேட்பாய் என்பதுபோல. யுவஸ்ரீ, இப்பவுமா என்று கேட்டாள். காலையில் கொஞ்சம் அதிகம், பிள்ளை அழுதால் அதிகம், நான் இல்லாவிட்டால் பிள்ளை நன்றாக வளரும் என்று படுகிறது என்றாள் பிரபா. ஏதாவது செய்துகொள்ளப் பார்த்தீர்களா என்றதற்கு, இல்லை என்று தலையாட்டினாள். பிறகு, "அத்த உடறதில்லீங்க" என்றாள்.

அப்போதுதான் பெருமாயியம்மாள் பேசினார். எங்களிடம் பேசுகிற மாதிரி இல்லை, தரையைப் பார்த்துப் பேசினார்.

"எனக்கு ஆஸ்பத்திரிலயே தெரியுமுங்க. ரெண்டாம் நாளே அவ கண்ணப் பாத்தன். காட்டுக்கு அடிக்கற மருந்தயெல்லாம் தூக்கிப் பக்கத்துக் காட்டு மயில்சாமி ஊட்டுல வெச்சுட்டன், கொழந்தைக்கு நாத்தம் ஆவாதுன்னு சொல்லி. ராவுல என்ற முந்தானைய அவ நைட்டி நாடாவுல முடிஞ்சுக்கிட்டுத்தான் படுக்கறது. அவ பொரண்டா எனக்கு முழிப்பு வந்துருமுங்க."

"அப்புறம் ஏம்மா அன்னைக்கு இந்தப் பொண்ணை விரட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"அவ வாயால வந்துட்டா நெசமாயிருமில்லீங்க சாமி."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த முந்தானையின் ஒரு முனை முடிந்து முடிந்து சுருண்டு, துவைத்தும் நேராகாமல் நின்றது. நான் ஒரு புத்தகத்தில் படித்து நாற்பது பேருக்குச் சொல்லித் தந்ததை இந்தம்மாள் தனியாக, யாரிடமும் சொல்லாமல், பதினைந்து ராத்திரி செய்திருக்கிறார். விஷத்தை அப்புறப்படுத்து, தனியே விடாதே என்று அப்படியே என் நோட்ஸில் இருக்கிறது. கேள், பேசவிடு என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தும் நான் செய்யவில்லை.

சேலம் பெரியாஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த மனநல டாக்டர் தீனதயாளனுக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டு, இப்போதே கூட்டி வாருங்கள், பிள்ளையையும் சேர்த்துப் படுக்க வைக்க இடம் பார்க்கிறேன் என்றார். இது பிள்ளை பெற்றவர்களுக்கு வருகிற நோய், வைத்தியம் உண்டு, குணமாகும் என்று பிரபாவிடம் சொன்னேன். பதினாலு வருஷமாகச் சொல்லிச் சலித்த வரிதான், ஆனால் இந்தத் தடவை அது எனக்கும் கேட்டது. பெருமாயியம்மாள்தான் தயங்கினார். முப்பது நாள் தீட்டுக் கழியாமல் பிள்ளைத்தாய் எல்லை தாண்டக்கூடாது, அந்தி நேரத்தில் வெளிக்காற்று படக்கூடாது என்றார். ஊரில் ஒரு வேனைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், ஊருக்கே தெரிந்துவிடும் என்றார். கொஞ்ச நேரம் மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்த் துணிப்பையில் பிள்ளைத் துணிகளை அடுக்க ஆரம்பித்தார். "பஸ்ஸுலயே போயிர்லாங்க. யாரு கேட்டாலும் ஊசி போடன்னு சொல்லிக்கலாம்" என்றார். ஒரு கொத்து வேப்பிலையைப் பிள்ளையின் துணிக்குள் செருகினார். காய்கிற மஞ்சளை அள்ளவில்லை. அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

ராசிபுரத்தில் சேலம் பஸ் ஏறினோம். மூன்று பேர் சீட்டில் சன்னலோரம் நான், நடுவில் பிரபா, இந்தப் பக்கம் பெருமாயியம்மாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப்புறம் யுவஸ்ரீ. பிரபா சுடிதார் போட்டிருந்தாள். அவள் துப்பட்டாவின் முனையைப் பெருமாயியம்மாள் தன் முந்தானையோடு சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு, அதைக் கைக்குள் மூடி வைத்திருந்தார். பட்டப்பகல், பஸ் நிறைய ஆட்கள். அதைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை.

பை என் மடியில் கனத்தது. பிரபா அதற்குள் எட்டிப் பார்த்தாள். "இத்தன பேருத்துக்கிட்டயும் அதக் கேட்டீங்களா?" என்றாள்.

பொய் சொல்லலாம். சொல்ல முடியவில்லை. "உங்கிட்ட மட்டுந்தான்மா கேட்டிருக்கோம். இனிமேதான் மத்தவங்க."

மீதி ஐம்பத்தொன்பது. எதிர் சீட்டிலிருந்து யுவஸ்ரீ கையை நீட்டினாள். கட்டைக் கொடுத்தேன். பிள்ளையை ஒரு கையில் அணைத்தபடி, அவள் போன் நம்பர் இருக்கிற தாள்களைத் தனியாகப் பிரித்தாள். பாதிக்குமேல் நம்பர் இல்லை, ஊர்ப்பெயர் மட்டும்தான். முதல் நம்பரைப் போட்டுக் காதில் வைத்தாள். எடுக்கவில்லை. அடுத்ததைப் போட்டாள். திங்கட்கிழமை இன்ஸ்பெக்ஷனில் இந்தத் தாள்களைக் கேட்பார்கள். கேட்கட்டும்.

மல்லூர் தாண்டுவதற்குள் பெருமாயியம்மாள் தூங்கிவிட்டார். முதலில் தலை முன்னால் விழுந்து விழுந்து எழுந்தது. அப்புறம் பிரபாவின் தோளில் சாய்ந்து, வாய் திறந்து, குறட்டை வந்தது. பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பிரேக் போட்டது, எதிலும் அவர் விழிக்கவில்லை. மூடியிருந்த கை மெல்லத் தளர்ந்து மடியில் விரிந்தது. பிரபா அந்த முடிச்சைப் பார்த்தாள். இழுத்தால் அவிழ்ந்துவிடும், லேசான முடிச்சுதான். அவள் அதை எடுத்துத் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

பழைய பஸ் ஸ்டாண்டு வந்து எல்லாரும் இறங்கினார்கள். கண்டக்டர் எங்களைப் பார்த்து, இறங்கலையாம்மா என்றார். நான் எழப்போனேன். பிரபா தோளை அசைக்காமல் என் பக்கம் முகத்தை மட்டும் திருப்பினாள்.

"சித்த நேரந்தானுங்க. அத்த தூங்கட்டும்" என்றாள்.

காலியான பஸ்ஸில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எதிர் சீட்டில் யுவஸ்ரீயின் போனை யாரோ எடுத்துவிட்டார்கள். அவள் பிள்ளை முழித்துவிடாமல் தாழ்ந்த குரலில், "அக்கா, நான் ஆஸ்பத்திரில ஒங்களப் பாத்த நர்சுப் புள்ளைங்க" என்று ஆரம்பித்தாள்.